அந்த 27-ஐ நூற்றுக்கு மாற்றாதீர்கள்

வாசகர் கடிதம்:

"மேடம், நாங்கள் திருப்பூர். கணவர் சின்னதாகப் பனியன் கம்பெனி நடத்துகிறார். ஒரே மகள். பத்தாம் வகுப்பு வரை இங்கேயே சிபிஎஸ்இ பள்ளியில் படித்து 500க்கு 478 எடுத்தாள். எப்போதும் முதல் ரேங்க். போன ஆகஸ்ட்டில் மலை மேல் இருக்கும் ஒரு சர்வதேச உறைவிடப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு சேர்த்தோம், ஐபி டிப்ளோமா என்கிற இரண்டு வருட சர்வதேசப் படிப்பு. அவள்தான் ஆசைப்பட்டாள். இப்போது முதல் செமஸ்டர் ரிப்போர்ட் வந்திருக்கிறது. உயிரியல் 5, வேதியியல் 4, பொருளாதாரம் 4, கணிதம் 5, ஆங்கிலம் 4, பிரெஞ்சு 5. எல்லாம் 7க்கு. கூட்டினால் 42க்கு 27. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், 64 சதவீதம். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் முதல் இரண்டு மாதம் அழுதாள். இப்போது அழுவதில்லை, பேசுவதும் இல்லை. 'நல்லாயிருக்கேன்மா, படிக்கணும்' என்று வைத்துவிடுகிறாள். போன வருடம் வரை டாக்டர் ஆவேன் என்றவள் இப்போது கேட்டால் தெரியலை என்கிறாள். 'இத்தனை லட்சம் கட்டி, இருக்கிற படிப்பையும் கெடுத்துக்கொண்டோம். இனி அனுப்ப வேண்டாம். இங்கேயே சேர்த்து நீட் கோச்சிங் போட்டுவிடலாம்' என்கிறார் அவர். லீவுக்கு வந்திருக்கிறாள். பள்ளி திறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அவளிடம் இதைப் பற்றி எதுவும் பேசவில்லை. என்ன செய்யட்டும்? பெயர் வெளியிட வேண்டாம்."

அன்புள்ள சகோதரிக்கு,

ஜனவரியில் அவளை அனுப்பி வையுங்கள். இருப்பது மூன்று வாரம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 27 என்ற எண்ணுக்காக ஒரு பெண்ணைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் வேறொரு விஷயம் இருக்கிறது. அதை நீங்கள் பிரச்சினையாக எழுதவில்லை, பாடங்களை வரிசையாகச் சொல்லும்போது தானாக வெளியே வந்திருக்கிறது. அதை இந்த விடுமுறையிலேயே பேசியாக வேண்டும். கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

நான் இப்படி ஒரு மலைப்பள்ளி விடுதியில் பதினொரு வருடம் பொறுப்பாளராக இருந்தவள். டார்ம் பேரண்ட் என்பார்கள். அதற்குப் பிறகு இன்று வரை பாடத் தேர்வுக்கும் கல்லூரித் தேர்வுக்கும் ஆலோசகராக இருக்கிறேன். டிசம்பர் வந்தால் இதே கடிதம் எனக்கு வரும். ஊர் மாறும், கூட்டுத்தொகை இரண்டு மூன்று முன்னே பின்னே இருக்கும். பத்தாம் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கிய பிள்ளை, பதினொன்றில் 4, 5 என்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. வீடே துக்க வீடு மாதிரி ஆகிவிடுகிறது. பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

சரி, முதலில் அந்த எண். ஐபி டிப்ளோமாவில் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 7 வரை தருவது மார்க் இல்லை, ஏழு படி உள்ள ஏணி. இந்தப் பிள்ளையின் வேலை எந்தப் படியின் தரத்தில் இருக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. எத்தனை மார்க்குக்கு எந்தப் படி என்பது பாடத்துக்குப் பாடம், தேர்வுக்குத் தேர்வு மாறும். உயர் நிலைக் கணிதத்தில் நூற்றுக்கு எழுபதைச் சற்றே தாண்டியவர்களுக்கு 7 கிடைத்த தேர்வுகளும் உண்டு. ஆகவே 5-ஐ 7ஆல் வகுத்து 71 சதவீதம் என்று போட்டால் அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு இது உடனே புரியும். பனியன் துணியைக் கிலோவில்தான் வாங்குவார். ஜிஎஸ்எம்மும் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை) அகலமும் தெரியாமல் யாராவது அதை மீட்டர் கணக்கில் மாற்றிச் சொன்னால் அவர் ஒத்துக்கொள்வாரா? நீங்கள் கால்குலேட்டரில் செய்தது அதுதான். இந்தியக் கல்லூரிகளுக்குச் சதவீதம் தேவைப்பட்டால் அதற்குத் தனி அட்டவணை இருக்கிறது. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆறு பாடத்துக்கு 42. அதோடு 4,000 சொல்லுக்குள் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை, அறிவுக் கோட்பாடு என்ற வகுப்பு, இரண்டுக்கும் சேர்த்து 3 புள்ளி. மொத்தம் 45. டிப்ளோமா கிடைக்க, வேறு சில நிபந்தனைகளோடு, குறைந்தது 24 வேண்டும். உலகம் முழுக்க இதை எழுதுகிறவர்களின் சராசரி சமீப ஆண்டுகளில் 30-ஐ ஒட்டியே இருக்கிறது. உங்கள் மகள் சேர்ந்து நாலரை மாதத்தில், அந்த 3 புள்ளிக்கான வேலை சூடு பிடிக்கும் முன்பே 27-ல் நிற்கிறாள். அதுவும் இந்த ரிப்போர்ட்டில் உள்ள ஒரு எண்கூட இறுதி டிப்ளோமாவில் சேராது. இரண்டாம் வருடக் கடைசியில் எழுதும் தேர்வும், நடுவில் செய்து கொடுக்கும் ஆய்வு வேலைகளும்தான் சேரும். அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் போட்டால் இந்த ரிப்போர்ட்டையும் கேட்பார்கள். அங்கேயும் 4-ல் தொடங்கி 6-க்கு ஏறிய பிள்ளைக்கு நல்ல மதிப்பு உண்டு.

ஆனால் 478 வாங்கியவள் ஏன் 4 வாங்குகிறாள்? அவளுக்கு மூளை குறைந்துவிடவில்லை, அவளிடம் கேட்கும் கேள்விதான் மாறியிருக்கிறது. இதை நேரில் பார்த்த ஒன்றைக் கொண்டு சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நாமக்கல் பக்கமிருந்து ஒரு பையன். உங்கள் மகள் மாதிரியே முதல் ரேங்க். அப்பா கரும்பு விவசாயி. ஒரு நாள் ராத்திரி ஒன்பதரை மணிக்குப் பொருளாதாரத் தேர்வுத் தாளோடு என் அறை வாசலில் நிற்கிறான். விளைபொருளுக்கு அரசு குறைந்தபட்ச விலை அறிவிப்பதை மதிப்பிடுக என்று கேள்வி, 15 மார்க். மூன்று பக்கம் எழுதியிருந்தான். விளக்கம், வரைபடம், நன்மைகள் நான்கு, தீமைகள் நான்கு. கையெழுத்து அச்சு மாதிரி. கிடைத்தது 6. "மேடம், ஒரு இடத்துலகூட தப்புனு போடல. அப்புறம் எப்படி 6?" என்று கேட்டான். குரல் உடைந்திருந்தது. நான் தாளை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான், சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. ஆனால் நன்மைகளுக்குப் பக்கத்தில் ஓரத்தில் பென்சிலால் ஆசிரியர் இரண்டே இரண்டு சொல் எழுதியிருந்தார்: "யாருக்கு? எப்போது?"

அந்த இரண்டு கேள்வியில்தான் மீதி 9 மார்க் இருந்தது. விவசாயிக்கு நன்மை என்று எழுதியிருந்தான். எந்த விவசாயிக்கு? ஐந்து ஏக்கர் வைத்திருப்பவனுக்கா, குத்தகைக்கு எடுத்தவனுக்கா? விலை அறிவித்த அன்றைக்கா, பணம் கைக்கு வரும் அன்றைக்கா? நான் கேட்கக் கேட்க அந்தப் பையன் பேச ஆரம்பித்தான். ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் பணத்துக்கு அப்பா அலைந்தது, அந்த இடைவெளியில் வட்டிக்கு வாங்கியது, வெட்டுக் கூலி ஏறியது எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. "இதையெல்லாம் ஏன்டா எழுதலை?" என்றேன். "இது புக்ல இல்லையே மேடம்" என்றான்.

அடுத்த தடவை அதையே எழுதினான், 12 வாங்கினான்.

ஏன் இப்படி ஒரு முறை என்று நீங்கள் கேட்கலாம். இந்தப் படிப்பை உருவாக்கிய ஐபி அமைப்பு 1968-ல் ஜெனீவாவில் தொடங்கியது. அப்பா அம்மாவின் வேலையால் நாடு விட்டு நாடு மாறும் பிள்ளைகளுக்கு, எந்த நாட்டுப் பல்கலைக்கழகமும் ஏற்றுக்கொள்ளும் ஒரு படிப்பு வேண்டும் என்பது நோக்கம். நம் பக்கத்திலேயே, 1901-ல் கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த பள்ளிதான் 1976-ல் இந்தியாவில் முதன்முதலில் இதற்குள் வந்தது. பத்து நாட்டுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்காரும்போது எல்லோருக்கும் பொதுவாக, அரசு அச்சிட்ட ஒரே பாடப் புத்தகம் என்று ஒன்று இருக்க முடியாது. அதனால்தான் புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதுவதற்கு அங்கே பாதி மார்க்குக்கு மேல் கிடைப்பதில்லை. விளக்கு, ஒப்பிடு, விவாதி, மதிப்பிடு என்று கேள்வியில் வரும் ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் தனித்தனி எதிர்பார்ப்பு இருக்கிறது. நம் பிள்ளைகள் நான்கையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு, தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டு வருகிறார்கள்.

இதில் இன்னொரு அதிர்ச்சியும் உண்டு. இங்கே புத்தக வரியை வரி மாறாமல் எழுதினால் முழு மார்க். அங்கே அதே வரியை எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிடாமல் எழுதினால் திருட்டு என்று கூப்பிட்டு விசாரிப்பார்கள். முதல் செமஸ்டரில் இதில் மாட்டாத முதல் ரேங்க் பிள்ளை அபூர்வம். ஒரு தடவை கூப்பிட்டு எச்சரித்த பிறகு பேனா எடுக்கவே பயப்படுவார்கள். உங்கள் மகளுக்கு இது நடந்திருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். நடந்திருந்தால் அவள் வீட்டில் சொல்லியிருக்க மாட்டாள். கேட்கும்போது, இது ஒழுக்கக் கேடு இல்லை, பழக்க மாற்றம் என்று உங்களுக்குப் புரிந்திருப்பது அவளுக்குத் தெரிய வேண்டும்.

அவளுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? பள்ளிக்குப் பள்ளி நேரம் மாறும், ஆனால் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆறரைக்கு எழுந்திருக்க வேண்டும். டிசம்பர் மலைக் குளிரில் வெந்நீர் தீருவதற்குள் குளிக்க வேண்டும். எட்டிலிருந்து மூன்றரை வரை வகுப்பு, ஆய்வகம். மாலையில் விளையாட்டு, அல்லது சேவை. படைப்பு, உடல் உழைப்பு, சேவை மூன்றும் ஒன்றரை வருடம் தொடர்ந்து நடக்க வேண்டும். அதற்கு மார்க் கிடையாது, ஆனால் செய்யாவிட்டால் டிப்ளோமாவே கிடையாது. ஏழிலிருந்து ஒன்பது வரை ஸ்டடி ஹால். பத்தரைக்கு விளக்கு அணைப்பு. இதற்குள் துணி துவைக்கப் போட வேண்டும், அறையைச் சுத்தமாக வைக்க வேண்டும், அறைத் தோழி கொரியாவோ பூட்டானோ, அவளோடு ஜன்னல் திறப்பது பற்றி ஒரு உடன்பாட்டுக்கு வர வேண்டும். திருப்பூரில் இவள் படிக்கும்போது டம்ளரில் பால் கையருகே வந்திருக்கும். அங்கே இவள்தான் எல்லாம்.

விளக்கு அணைத்த பிறகு போர்வைக்குள் டார்ச் அடித்துப் படிக்கும் பிள்ளைகளை நான் வருடம் தவறாமல் பிடித்திருக்கிறேன். எல்லோரும் முதல் ரேங்க் பிள்ளைகள்தான். மார்க் குறைந்தால் இன்னும் ஒரு மணி நேரம் கூடப் படிக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து. பதினாறு வயதுக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு வந்த பிள்ளையால் ஒப்பிக்க முடியும், யோசிக்க முடியாது. அங்கே கேட்பதோ யோசிப்பதை. உங்கள் மகள் வீட்டுக்கு வந்த முதல் மூன்று நாள் பகல் பன்னிரண்டு வரை தூங்கியிருந்தால், அவள் அங்கே தூங்கவில்லை என்று அர்த்தம். சோம்பேறியாகிவிட்டாள் என்று எழுப்பிவிடாதீர்கள்.

அடுத்து போன். முதல் இரண்டு மாதம் அழுதாள், இப்போது அழுவதும் இல்லை, பேசுவதும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். அவளுக்கு அங்கே ஆள் கிடைத்துவிட்டார்கள், அழ வேண்டிய தேவை போய்விட்டது. அல்லது, அம்மா மார்க்கைத்தான் கேட்பாள், மார்க் சொல்லும்படி இல்லை, அதனால் வாயை மூடிக்கொண்டாள். எது என்று இந்த மூன்று வாரத்தில் உங்களால் கண்டுபிடிக்க முடியும். அவள் பேச்சில் பெயர்கள் வருகின்றனவா என்று கவனியுங்கள். "அவ இப்படிச் சொன்னா", "அந்த சார் இப்படிச் செய்வார்" என்று ஐந்தாறு பெயர் வந்தால் அவள் வேர் விட்டுவிட்டாள். ஒரு பெயரும் வராவிட்டால் எனக்குக் கவலை, 27-ஐ விடக் கவலை.

எங்கள் விடுதியில் ஒரு கோயம்புத்தூர்ப் பெண் இரண்டு மாதம் யாரோடும் பேசாமல் இருந்தாள். அவள் அம்மா ஒரு பாட்டில் இட்லிப் பொடி அனுப்பினார். ஒரு சனிக்கிழமை ராத்திரி பக்கத்துக் கட்டில் கொரியப் பெண் நூடுல்ஸில் அதைத் தூவிச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, கண்ணில் நீர் வர இன்னும் கொஞ்சம் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை அந்த அறையில் ஏழு பேர். கோயம்புத்தூர்ப் பெண் நடுவில் உட்கார்ந்து, எள் எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வருடம் வகுப்பில் அவள் வாய் திறந்தது அதற்குப் பிறகுதான். வகுப்பில் பங்கெடுப்பதும் ராத்திரி அறையில் சிரிப்பதும் வேறு வேறு விஷயம் இல்லை. உறைவிடப் பள்ளியில் படிப்பு அப்படித்தான் ஏறும்: சந்தேகத்தை எதிர் அறையில் கேட்கத் தொடங்கும்போது.

ஆகவே இனி ஞாயிறு போனில் மார்க் வேண்டாம். "டைனிங் ஹால்ல யார் பக்கத்துல உட்கார்ந்தே?", "இந்த வாரம் யார்கிட்ட சந்தேகம் கேட்டே?", "வகுப்புல எதுக்காவது நீ ஒத்துக்கல?" இப்படி. கடைசிக் கேள்வி முக்கியம். ஆசிரியர் சொன்னதற்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம் என்பதே நம் பிள்ளைகளுக்கு இதுவரை யாரும் சொல்லாத செய்தி. அம்மா வாயால் வந்தால் அதற்கு எடை அதிகம்.

இப்போது நான் பொறுக்கச் சொன்ன விஷயம். உங்கள் மகளின் ஆறு பாடத்தில் உயிரியல் இருக்கிறது, வேதியியல் இருக்கிறது. இயற்பியல் இல்லை.

நீட் எழுதத் தகுதி பெற, பதினொன்று பன்னிரண்டில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் ஆங்கிலத்தோடு படித்திருக்க வேண்டும். ஐபியில் வழக்கமான பாட அமைப்பில் இரண்டு அறிவியல்தான் எடுக்க முடியும். மூன்றும் வேண்டுமானால், மருத்துவப் படிப்புக்காக என்று காரணம் காட்டிப் பள்ளி மூலம் சிறப்பு அனுமதி வாங்கி, பொருளாதாரம் போன்ற ஒரு பாடத்தை விட வேண்டும். அதைச் சேரும்போதே செய்வார்கள். வெளிநாட்டில் மருத்துவம் படித்தால் இது பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு இந்தியாவில் மருத்துவராகப் பணி செய்ய நினைப்பவர்களும் நீட் தேறியிருக்க வேண்டும் என்பது 2018 முதல் விதி. இதோடு, நீட் பெரும்பாலும் மே முதல் ஞாயிற்றுக்கிழமை. ஐபி இறுதித் தேர்வுகள் ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மூன்றாம் வாரம் வரை போகும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறது. அதனால் பல பிள்ளைகள் டிப்ளோமா முடித்து ஒரு வருடம் நீட்டுக்கென்றே ஒதுக்குகிறார்கள்.

கதவு முழுக்க மூடிவிடவில்லை. விட்டுப்போன பாடத்தைப் பன்னிரண்டு முடித்த பிறகும் அங்கீகரிக்கப்பட்ட வாரியம் ஒன்றில் கூடுதல் பாடமாக எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் தளர்த்தியிருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் கூடுதல் உழைப்பு. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, அவளுக்கு இன்னும் மருத்துவம் வேண்டுமா என்பது. "தெரியலை" என்கிறாள் என்றால், பாடம் எடுக்கும்போதே இயற்பியலை விட்டவள் அவள்தானே, அவளுக்குள் ஏதோ மாறியிருக்கலாம். அல்லது அந்த நேரத்தில் யாரும் எடுத்துச் சொல்லாமல் தெரியாமல் விட்டிருக்கலாம். இரண்டும் ஒன்றில்லை. முதலாவதென்றால் அவளை மருத்துவத்துக்குத் திருப்பி இழுக்காதீர்கள். இரண்டாவதென்றால் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே ஐபி ஒருங்கிணைப்பாளரைப் பார்த்து, பாடத்தை இப்போது மாற்ற வழி இருக்கிறதா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். வாரம் போகப் போக அந்த வழி குறுகிக்கொண்டே போகும். இந்தப் பேச்சில் உங்கள் மகள் கட்டாயம் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் இல்லாமல் நீங்கள் இருவரும் முடிவெடுத்துவிட்டு அவளுக்குச் சொல்வது வேண்டாம். வீட்டுப் பொறுப்பு, துணி, பணம், நேரம் எல்லாவற்றையும் நாலரை மாதமாகத் தானே பார்த்துக்கொண்டவள் அவள்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் இருக்கும் வலி எனக்குப் புரிகிறது. கட்டிய பணம் சின்னத் தொகை இல்லை. ஆனால் நடு வருடத்தில் திரும்ப அழைத்தால் என்ன ஆகும் என்று அவரிடம் சொல்லுங்கள். சிபிஎஸ்இயில் பதினொன்றும் பன்னிரண்டும் சேர்ந்து இரண்டு வருடப் படிப்பு. ஐபி முதல் வருடத்திலிருந்து நேராகப் பன்னிரண்டில் உட்கார வைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். மறுபடி பதினொன்றிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். கட்டிய பணத்தோடு ஒரு வருடமும் போகும். அதைவிட, தோற்று ஊர் திரும்பினோம் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அவளே ஆசைப்பட்டுப் போன இடம் அது.

ஒரே ஒரு நிலையில் மட்டும் நான் சொன்னதையெல்லாம் தள்ளி வைத்துவிடுங்கள். அவள் வீட்டிலும் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, வாழ்ந்து என்ன என்ற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். பள்ளி ஆலோசகருக்கும் தெரிவியுங்கள். அப்போது ஒரு வருடம் போவது ஒரு பொருட்டே இல்லை.

அப்படி எதுவும் இல்லையென்றால், ஒரு வேலை இருக்கிறது. அது உங்கள் வீட்டுக்காரர் செய்ய வேண்டியது. அந்த 4,000 சொல் ஆய்வுக் கட்டுரைக்கு இந்த செமஸ்டரில் தலைப்பு கேட்பார்கள். மற்ற பிள்ளைகள் இணையத்தில் தலைப்பு தேடிக்கொண்டிருப்பார்கள். உங்கள் மகள் பிறந்து வளர்ந்த ஊரில் நொய்யல் ஓடுகிறது. சாயக் கழிவுக்காக 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர் அது. அதன் பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்ற கட்டுப்பாட்டைச் சமாளித்துத் தொழில் நடத்தும் ஊர். சுத்திகரிப்புச் செலவு பெரிய பட்டறைக்கும் சின்னப் பட்டறைக்கும் எப்படி வித்தியாசப்பட்டது என்பது பொருளாதாரத்தில் ஒரு கட்டுரை. சாய நீரிலிருந்து நிறத்தைப் பிரிப்பது வேதியியலில் ஒரு கட்டுரை. அவள் 4 வாங்கிய மூன்று பாடத்தில் இரண்டு இவைதான். இரண்டுக்கும் வேண்டியது அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இத்தனை வருடம் பேசப்பட்டிருக்கிறது. நாமக்கல் பையன் மாதிரி, அதெல்லாம் புத்தகத்தில் இல்லையே என்று அவளும் நினைத்துக்கொண்டிருப்பாள்.

கிளம்புவதற்கு முன் ஒரு நாள் அவளைக் கம்பெனிக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். அங்கிருந்து தெரிந்த சாயப்பட்டறை ஒன்றுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும். கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். அவர் எதையாவது விளக்கும்போது அவள் நடுவில் நிறுத்தி "யாருக்குப்பா? எப்போ இருந்து?" என்று கேட்டால், அவர் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். சாயங்காலம் வீடு திரும்பியதும் நோட்டில் என்ன எழுதினாள் என்று நீங்கள் கேளுங்கள். இயற்பியல் பற்றி ஒருங்கிணைப்பாளர் என்ன சொன்னார் என்று ஜனவரிக் கடைசியில் எனக்கு எழுதுங்கள். தாராபுரம், பழனி வழியாக மலை ஏறும்போது அவள் பெட்டியில் பருப்புப் பொடி இரண்டு பாட்டில் வையுங்கள்.